பெட்டி ‘ரீசெட்’ ஆனால் எதை மறக்கும்? எதை மறக்காது?

கருவியும் கழனியும் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் மொபைல் ஸ்டார்ட்டர் பற்றியவை. ஊர் வேறு, கம்பெனி வேறு, கோளாறும் வேறு. ஆனால், எல்லாக் கடிதத்திலும் ஒரு வார்த்தை மட்டும் பொதுவாக இருக்கிறது... ‘ரீசெட்’. அதனால் அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே விளக்கம்.

‘‘மொபைல் ஸ்டார்ட்டர் சில நாள் போன் அடித்தாலும் எடுப்பதில்லை. டிஸ்பிளேயில் நம்பர் அப்படியே நிற்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து, பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் சின்ன பட்டனை அழுத்தினால் சரியாகிவிடுகிறது. அந்தப் பட்டன் என்ன செய்கிறது? நாமே அழுத்திக்கொள்ளலாமா?’’
– வாசகர், நாமக்கல் மாவட்டம்.

மொபைல் ஸ்டார்ட்டரின் மூளை, விரல் நக அளவே உள்ள ஒரு சிப். மைக்ரோகன்ட்ரோலர் என்பது இதுதான். செய்ய வேண்டிய வேலைகள் இதற்குள் வரிவரியாக எழுதிவைக்கப்பட்டிருக்கும். மூன்று பேஸிலும் வோல்டேஜ் இருக்கிறதா, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, போன் வந்திருக்கிறதா, டைமரில் இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலில் இருந்து பார்க்கும். செக்கு மாடு போல ஓயாமல் இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏதோ ஒரு காரணத்தால் அது நடுவழியில் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டால், டிஸ்பிளே உறைந்துவிடும். போன் அடித்தாலும் பதில் வராது. ரீசெட் பட்டனை அழுத்தியதும், சிப் அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, எழுதிவைத்த முதல் வரிக்குப் போய்விடும். ரீசெட் செய்வது இவ்வளவுதான். அது எதையும் பழுது பார்ப்பதில்லை. சிக்கிக்கொண்ட காரணம் எதுவோ, அது அங்கேயேதான் இருக்கும். அதனால்தான் நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே கோளாறு வருகிறது.

நாமே அழுத்தலாமா என்றால், மின்சாரம் இருக்கும்போது வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் 415 வோல்ட் வந்து நிற்கிறது. ஈரக் கையோடு, வெறுங்காலோடு பெட்டியைத் திறந்து பட்டனைத் தேடுவது ஆபத்து. அதே பலனைத் தரும் பாதுகாப்பான வழி இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து, முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்து, மறுபடியும் போட வேண்டும். கரன்ட் போனால் எஸ்.எம்.எஸ் அனுப்பும் பெட்டிகளில் உள்ளே சின்ன பேட்டரி இருக்கும். அவற்றில் மெயின் சுவிட்சை அணைத்தாலும் சிப் உயிரோடுதான் இருக்கும். பேட்டரிக்கென்று வெளியில் தனி சுவிட்ச் இருந்தால், அதையும் அணைத்தால்தான் உண்மையான ரீசெட் நடக்கும்.

‘‘கரன்ட் போய் வந்த பிறகு, மோட்டார் எவ்வளவு ஆம்பியரில் நிற்க வேண்டும் என்று வைத்த அளவு அப்படியே இருக்கிறது. ஆனால், 2 மணி நேரம் ஓட வேண்டும் என்று வைத்ததில் 1 மணி நேரம் ஓடியது மட்டும் மறந்துபோகிறது. ஒரு விஷயம் ஞாபகம் இருந்து, இன்னொன்று மறப்பது எப்படி?’’
– வாசகர், தர்மபுரி மாவட்டம்.

சிப்புக்கு ஒரு ஞாபகம் அல்ல, மூன்று விதமான ஞாபகங்கள் இருக்கின்றன. அவற்றைக் கல்வெட்டு, நோட்டு, சிலேட்டு என்று வைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்.

கல்வெட்டு என்பது கம்பெனிக்காரர்கள் எழுதி அனுப்பிய புரோகிராம். கரன்ட் போனாலும் அழியாது. ரீசெட் செய்தாலும் அழியாது.

நோட்டு என்பது விவசாயி பதிந்துவைக்கும் அளவுகள். ஆம்பியர் வரம்பு, பதிவு செய்த போன் நம்பர்கள், ஆட்டோவா மேனுவலா என்பது போன்றவை. இதுவும் கரன்ட் இல்லாமலே நிலைத்திருக்கும். பெட்டியே தேவைப்படும்போது இதை அழித்து எழுதிக்கொள்ளும்.

சிலேட்டு என்பது அந்த நேரத்துக் கணக்கு. ‘இப்போது 7.8 ஆம்பியர் ஓடுகிறது, இன்னும் 60 நிமிடம் மிச்சம்’ என்பதெல்லாம் சிலேட்டில்தான் இருக்கும். கரன்ட் போனால் சிலேட்டு காலி. பட்டனை அழுத்தி ரீசெட் செய்யும்போது சிலேட்டில் பழைய எழுத்து மிச்சம் இருக்கக்கூடும். ஆனால், புரோகிராம் முதல் வேலையாக அதைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும்.

‘அப்படியென்றால் எல்லாவற்றையும் நோட்டிலேயே எழுதிவைக்கலாமே’ என்று தோன்றும். நோட்டுக்கு ஒரு குறை உண்டு. ஒரே இடத்தில் அழித்து அழித்து எழுதினால் அந்த இடம் தேய்ந்துபோகும். ஏடிமெகா328 என்று ஒரு சிப் பல போர்டுகளில் இருக்கிறது. அதன் நோட்டில் ஓர் இடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்று அதைத் தயாரித்தவர்கள் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால், மிச்ச நேரத்தை விநாடிக்கு ஒருமுறை அதே இடத்தில் எழுதினால், 28 மணி நேரத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

இதனால் சில கம்பெனிகள் மிச்ச நேரத்தை 5 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் நோட்டில் எழுதுகின்றன. சில, கரன்ட் போகும் அந்த நொடியில், உள்ளே மிச்சமிருக்கும் சக்தியைக்கொண்டு அவசரமாக எழுதிவைக்கின்றன. சில எழுதுவதே இல்லை. தர்மபுரி வாசகரின் பெட்டி மூன்றாவது ரகம். பாசன நேரத்தை டைமரை நம்பி விடுபவர்கள், பெட்டி வாங்கும்போதே ‘கரன்ட் போய் வந்தால் டைமர் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து ஓடுமா?’ என்று கேட்க வேண்டும். முதலிலிருந்து ஓடும் ரகம் என்றால், நான்கு முறை கரன்ட் போய் வந்த நாளில் 2 மணி நேரத் தண்ணீர் 5 மணி நேரத் தண்ணீராகிவிடும். மஞ்சளும் மிளகாயும் அதைத் தாங்காது. வேர் அழுகிவிடும்.

பெட்டியில் கடிகாரம் தவறாகக் காட்டுவது வேறு பிரச்னை. கடிகாரத்துக்கு மட்டும் ஐந்து ரூபாய் காசு அளவில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். அதை மாற்றினால் போதும்.

‘‘வோல்டேஜ் குறைந்து பல்பு மினுக்கும் நேரத்தில்தான் ஸ்டார்ட்டர் ஸ்தம்பித்து நிற்கிறது. கரன்ட் ஒரேயடியாகப் போய் வந்தால் நன்றாக இருக்கிறது. அரைகுறையாக வந்தால்தான் பிரச்னை. ஒருமுறை பதிந்துவைத்த நம்பர்கள் எல்லாம் அழிந்தே போய்விட்டன. ஏன்?’’
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

சரியான இடத்தைக் கவனித்திருக்கிறார். சிப்புக்கு முழு மின்சாரம் இருந்தால் சரியாக வேலை செய்யும். மின்சாரமே இல்லையென்றால் சும்மா இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போதுதான் தப்பாக வேலை செய்யும். காய்ச்சலில் இருப்பவரிடம் கணக்கு எழுதச் சொன்னது போல, வரியை மாற்றிப் படிக்கும்; எழுதக் கூடாத இடத்தில் எழுதும். நோட்டில் இருந்த நம்பர்கள் அழிந்தது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

இதைத் தடுக்கச் சிப்புக்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. மின்சாரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், சிப்பை ரீசெட்டிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அளவு மறுபடியும் ஏறிய பிறகுதான் விடும். இதற்கு ‘பிரவுன் அவுட் ரீசெட்’ என்று பெயர். மேலே சொன்ன ஏடிமெகா328-ல் 4.3 வோல்ட், 2.7 வோல்ட், 1.8 வோல்ட் என மூன்று அளவுகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஆனால், போர்டு தயாரிப்பவர் இதைத் தேர்வு செய்து இயக்கிவைத்தால்தான் வேலை செய்யும். விட்டுவிட்டால், பல்பு மினுக்கும் ஒவ்வொரு முறையும் பெட்டிக்குக் காய்ச்சல்தான்.

மெயின் சுவிட்சை அணைத்து உடனே போட்டால் சரியாகாமல், காத்திருந்து போட்டால் சரியாவதற்கும் இதுதான் காரணம். போர்டில் இருக்கும் கண்டன்சர்கள் மேல்நிலைத் தொட்டி மாதிரி. வரத்து நின்றாலும் உள்ளே இருப்பது மெதுவாகத்தான் வடியும். உடனே சுவிட்சைப் போட்டால் சிப் முழுதாக அணைந்திருக்காது; அதே குழப்பத்தில் தொடரும். ஒரு நிமிடம் காத்திருந்தால் தொட்டி வடிந்துவிடும். பிறகு சுத்தமான தொடக்கம் கிடைக்கும்.

நம்பர் அழிந்த பெட்டியில் ஆம்பியர் அளவும் மாறியிருக்கலாம். அதனால், வோல்டேஜ் பிரச்னைக்குப் பிறகு போன் நம்பரை மட்டும் பதிந்துவிட்டு விட்டுவிடக் கூடாது. ஆம்பியர் வரம்பு, டிரை ரன் அளவு இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். அந்த அளவுகளை மோட்டார் அறைச் சுவரில் பெயின்ட்டில் எழுதிவைப்பது நல்லது. பெட்டி மறந்தாலும் சுவர் மறக்காது.

‘‘போன் அடித்தால் ஒரு ரிங் போகிறது. உடனே பெட்டியில் விளக்குகள் எல்லாம் அணைந்து, முதலில் இருந்து எரிகின்றன. இது சிம் கார்டு கோளாறா?’’
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

சிம் மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டிக்குள் இருக்கும் போன் பகுதி, சும்மா இருக்கும்போது கொஞ்சம்தான் மின்சாரம் எடுக்கும். டவருக்குச் சிக்னல் அனுப்பும் நொடியில், 2ஜி போன் பகுதி திடீர் திடீரென்று 2 ஆம்பியர் வரை இழுக்கும். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி பழசாகிவிட்டாலோ, அடாப்டர் பலவீனமாகிவிட்டாலோ அந்த இழுப்பைத் தாங்காது. வோல்டேஜ் சட்டென்று சரியும். பிரவுன் அவுட் ஏற்பாடு தன் கடமையைச் செய்து சிப்பை ரீசெட் செய்யும். ஒரே குழாயில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் போகும்போது, தோட்டத்து வால்வைத் திறந்ததும் வீட்டுக் குழாயில் நூலாகிவிடுவது போன்ற விஷயம்தான் இது.

டவர் தொலைவாக இருந்தால் இழுப்பு இன்னும் அதிகம். பேட்டரியை மாற்றுவதும், ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே எடுத்து உயரத்தில் மாட்டுவதும் முதலில் செய்ய வேண்டியவை. ரீசெட் ஆன பெட்டி டவரைத் தேடிப் பிடிக்க அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதுவரை போன் போகாது. அதற்குள் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ‘டக்’ சத்தத்தோடு பெட்டி ரீசெட் ஆகிறது என்றால் அது வேறு காரணம். கான்டாக்டர் சேரும்போதும் பிரியும்போதும் உண்டாகும் தீப்பொறி, பக்கத்தில் போகும் சன்னமான ஒயர்களில் அதிர்வைக் கிளப்பும். சிப்பின் ரீசெட் முனை அதை பட்டன் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். மோட்டார் ஒயரையும் சென்சார் ஒயரையும் சேர்த்துக் கட்டாமல் தள்ளி எடுத்துச் செல்வது, கருகிய கான்டாக்டர் முனைகளை மாற்றுவது, கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே தீப்பொறியை அடக்கும் சின்ன உதிரிப்பாகத்தைப் பொருத்துவது... இவை மூன்றும் பெரும்பாலும் தீர்வு தரும்.

‘‘கரன்ட் போகவில்லை, போனும் அடிக்கவில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை பெட்டி தானாகவே ரீசெட் ஆகிறது. கம்பெனியில் கேட்டால் ‘அது நல்லதுதான், தானே சரி செய்துகொள்கிறது’ என்கிறார்கள். நம்பலாமா?’’
– வாசகர், தேனி மாவட்டம்.

பாதி உண்மை. ராத்திரியில் மடை மாற்ற ஆள் விட்டால், வீட்டில் இருப்பவர் அவ்வப்போது ஒரு குரல் கொடுப்பார். அந்தப் பக்கமிருந்து ‘ஓய்’ என்று பதில் வந்தால் கவலையில்லை. பதில் வரவில்லையென்றால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சிப்புக்குள்ளும் இப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. புரோகிராம் ஒவ்வொரு சுற்றிலும் அதற்குப் பதில் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் குரல் வரவில்லையென்றால், புரோகிராம் எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று தெரிந்துகொண்டு அந்தக் கடிகாரமே சிப்பை ரீசெட் செய்துவிடும். இதற்குக் காவல் நாய் என்ற பொருளில் ‘வாட்ச்டாக்’ என்று பெயர். ஏடிமெகா328-ல் இந்தக் கெடுவை அதிகபட்சம் 8 விநாடிவரை வைக்கலாம்.

ஆள் இல்லாத தோட்டத்தில் இருக்கும் கருவிக்கு இது அவசியம். ஆனால், காவல் நாய் தினமும் குரைக்கிறது என்றால், தினமும் யாரோ வேலி தாண்டுகிறார்கள் என்று அர்த்தம். ‘நாய் நல்லாத்தானே குரைக்குது’ என்று படுத்துத் தூங்க முடியாது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நாசா அனுப்பிய பாத்ஃபைண்டர் விண்கலம், 1997-ம் ஆண்டு ஜூலை 4-ம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. சில நாள்களில் அதன் கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. முக்கியமான ஒரு வேலை குறித்த நேரத்தில் முடியவில்லை. உடனே கண்காணிப்பு ஏற்பாடு ரீசெட் செய்தது. பட்டனை அழுத்த அங்கே ஆள் ஏது? தானே ரீசெட் ஆனதால் விண்கலம் பிழைத்தது. ஆனால், அன்றைக்குச் செய்ய வேண்டிய மிச்ச வேலைகள் தள்ளிப்போயின. விஞ்ஞானிகள் அதோடு விட்டுவிடவில்லை. பூமியில் இருந்த அதே மாதிரி கம்ப்யூட்டரில் கோளாறை மறுபடியும் வரவழைத்துப் பார்த்தார்கள். சின்ன வேலை ஒன்று, ஒரு பொதுவான வசதியைப் பிடித்துக்கொண்டு விடாமல் பெரிய வேலையைக் காக்கவைத்தது என்று கண்டுபிடித்து, புரோகிராமில் திருத்தம் அனுப்பினார்கள். அதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது.

தேனி வாசகர் செய்ய வேண்டியதும் அதுதான். எந்தத் தேதி, எத்தனை மணி, அப்போது மோட்டார் ஓடியதா, மழை இடி இருந்ததா, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட் ஆனதா என்று 15 நாள் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். பெரும்பாலான சிப்கள், கடைசியாக ரீசெட் ஆனது கரன்ட் வந்ததாலா, வோல்டேஜ் சரிந்ததாலா, பட்டனாலா, வாட்ச்டாக்காலா என்பதைத் தமக்குள் குறித்துவைக்கும். கம்பெனி டெக்னீஷியனிடம் ‘ரீசெட் ஆன காரணம் என்ன என்று எடுத்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கலாம். நோட்டும் கையில் இருந்தால் அவர் ‘தானே சரியாகிவிடும்’ என்று தட்டிக்கழிக்க முடியாது.

‘‘ஸ்டார்ட்டரில் டிரிப் ஆகும்போதெல்லாம் ரீசெட் பட்டனை அழுத்தி ஓட்டினோம். நான்காவது நாள் காயில் கருகிவிட்டது. ரீவைண்டிங் செலவோடு, போர்வெல்லில் இருந்து மோட்டாரை ஏற்றி இறக்கிய கூலியும் சேர்ந்துவிட்டது. ரீசெட் செய்தது தவறா?’’
– வாசகர், கரூர் மாவட்டம்.

இந்த வாசகர் அழுத்தியது வேறு ரீசெட். பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இத்தனை குழப்பம். ஸ்டார்ட்டரில் மூன்று விதமான ரீசெட் இருக்கலாம்.

முதலாவது, ஓவர்லோடு ரிலேயின் ரீசெட். அதற்குள் சிப் கிடையாது. மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தால், உள்ளே ஓர் உலோகத் தகடு சூடாகி வளைந்து மோட்டாரை நிறுத்தும். தகடு ஆறிய பிறகு பட்டனை அழுத்தினால், பூட்டு விடுபடும். மோட்டாருக்கு ஆபத்து என்று சொல்லத்தான் அது டிரிப் ஆகிறது.

இரண்டாவது, இதுவரை பார்த்த சிப் ரீசெட்.

மூன்றாவது, ஃபேக்டரி ரீசெட். இது நோட்டையே கிழித்துப் போடுவது. பதிந்த நம்பர், ஆம்பியர் வரம்பு எல்லாம் போய், கம்பெனி வைத்த அளவுகள் வந்துவிடும். அந்த அளவு 10 எச்.பி-க்கு உரியதாக இருந்து, தோட்டத்தில் இருப்பது 5 எச்.பி மோட்டார் என்றால், பாதுகாப்பே இல்லாத மாதிரிதான்.

முதல் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. டிரை ரன்னால் நின்ற பெட்டி, ‘40 நிமிடம் கழித்துத்தான் ஓட வேண்டும்’ என்று சிலேட்டில் குறித்துவைத்திருக்கும். அவசரப்பட்டு அணைத்துப் போட்டால் அந்தக் குறிப்பும் அழிந்துவிடும். போரில் தண்ணீர் ஊறியிருக்காது, பெட்டிக்கோ அது தெரியாது, மறுபடியும் ஓட்டும். நீர்மூழ்கி மோட்டார், தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. தண்ணீரில்லாமல் ஓட ஓட புஷ், பேரிங், காயில் என்று வரிசையாகப் போய்விடும்.

டிரிப் ஆனால் ஒருமுறை ரீசெட் செய்யலாம். மறுபடியும் டிரிப் ஆனால் கையை எடுத்துவிட வேண்டும். மூன்று பேஸும் வருகிறதா, வோல்டேஜ் எவ்வளவு, போரில் தண்ணீர் இருக்கிறதா, பம்ப் மணலில் இறுகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மூன்றாவது பேச்சு.

‘‘அப்பா கிணற்றடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கரன்ட் வந்து மோட்டார் தானாக ஓடிவிட்டது. நல்லவேளையாகக் கையை எடுத்துவிட்டார். நான் திருப்பூரில் இருந்து போனில் ‘ஆஃப்’ செய்துதான் வைத்திருந்தேன். எப்படி ஓடியது?’’
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

இதைத்தான் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகளில் காரணம் இருக்கலாம். முதலாவது, ‘ஆஃப்’ என்ற கட்டளை சிலேட்டில் மட்டும் இருந்திருக்கும். கரன்ட் போனதும் அது அழிந்துவிட்டது. நோட்டில் ‘ஆட்டோ’ என்று பதிவாகியிருக்கிறது. கரன்ட் வந்ததும், பெட்டி முதல் வரியிலிருந்து தொடங்கி, நோட்டைப் பார்த்தது, ‘ஆட்டோ’ என்றிருந்தது, மூன்று பேஸும் இருந்தது, ஓட்டிவிட்டது. பெட்டியின் கணக்கில் தவறே இல்லை. கிணற்றடியில் ஒருவர் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது, போர்டு வடிவமைப்பில் உள்ள குறை. ரீசெட் ஆன அந்த நொடியில், புரோகிராமின் முதல் வரி ஓடுவதற்கு முன்னால், சிப்பின் கால்கள் எந்த நிலையில் இருக்கும் என்பது சிப்புக்குச் சிப் மாறும். ஏடிமெகா போன்றவற்றில் கால்கள் எந்தக் கட்டளையும் தராமல் சும்மா இருக்கும். 1980-ல் இன்டெல் கொண்டுவந்த 8051 வகை சிப்களில், ரீசெட் ஆனதும் கால்கள் ‘ஆன்’ நிலைக்குப் போகும். இதைத் தெரிந்து வடிவமைத்தால் பிரச்னை இல்லை. கவனிக்காமல் விட்டால், கரன்ட் வரும் ஒவ்வொரு முறையும் ரிலே ஒரு நொடி ‘டக்’ என்று அடித்துவிட்டு நிற்கும். அந்த ஒரு நொடி போதும் ஒரு கையை முறிக்க.

அதனால், எந்தக் கம்பெனி ஸ்டார்ட்டராக இருந்தாலும் ஒரு விதி. போனில் செய்யும் ‘ஆஃப்’, மோட்டாரைத் தொடுவதற்கான அனுமதி அல்ல. மோட்டார், பைப், பெல்ட், ஃபுட் வால்வு எதில் கைவைப்பதாக இருந்தாலும், மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று ஃபியூஸ் கேரியரையும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர் போனில் மோட்டாரைப் போட முடியுமோ, அத்தனை பேருக்கும் சொல்லிவிட வேண்டும்.

பெட்டியைச் சோதிக்கவும் வழி உண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரில் இருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர்களை மட்டும் கழற்றச் சொல்ல வேண்டும். பெட்டியை மூடி, மேனுவலில் வைத்து, மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் பத்து முறை போட வேண்டும். ஒருமுறைகூட கான்டாக்டர் அடிக்கும் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த போர்டை மாற்றியே ஆக வேண்டும்.

ஆட்டோவில் வைப்பவர்கள், கரன்ட் வந்ததிலிருந்து மோட்டார் ஓடும் வரை உள்ள காத்திருப்பு நேரத்தைக் கட்டாயம் பதிய வேண்டும். நின்ற மோட்டாரை உடனே ஓட்டினால் இரண்டு கெடுதல். செக் வால்வு இல்லாத போரில், பைப்பில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பைத் தலைகீழாகச் சுற்றும். அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் ஷாஃப்ட் முறியலாம். அடுத்தது, நேரடியாக ஸ்டார்ட் செய்யும் மோட்டார் தொடக்கத்தில் 5 முதல் 7 மடங்கு ஆம்பியர் இழுக்கும். 8 ஆம்பியரில் ஓடும் மோட்டார் 40 ஆம்பியருக்கு மேல் போய்த்தான் இறங்கும். அடுத்தடுத்து ஸ்டார்ட் ஆனால், காயில் ஆறவே நேரம் இருக்காது.

ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பத்து மோட்டார் இருந்து, பத்தும் ஆட்டோவில் இருந்தால், மும்முனை மின்சாரம் வந்த அதே நொடியில் பத்தும் சேர்ந்து இழுக்கும். வோல்டேஜ் சரியும், பெட்டிகள் ரீசெட் ஆகும், மறுபடியும் எல்லாம் சேர்ந்தே தொடங்கும். திருவண்ணாமலை வாசகர் சொன்ன மினுக்கலுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் பங்காளிகள் ஒருநாள் உட்கார்ந்து பேசி, முதல் தோட்டத்துக்கு 1 நிமிடம், அடுத்ததற்கு 1 நிமிடம் 15 விநாடி, அதற்கடுத்ததற்கு ஒன்றரை நிமிடம் என்று வரிசை வைத்துக்கொள்ளலாம். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதைப் போலத்தான், காசு செலவில்லை.

புதிதாக வாங்குபவர்கள் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை, போனில் இயக்கும் பம்ப்செட் கருவிகளை மானியத்தில் வழங்குகிறது. உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். மானியமோ, சொந்தப் பணமோ, கடைக்காரரிடம் இந்த ஐந்தையும் கேட்ட பிறகு வாங்கலாம்.

1. கரன்ட் போய் வந்தால், கடைசியாகச் சொன்ன ‘ஆஃப்’ நிலைத்திருக்குமா?
2. டைமர் விட்ட இடத்திலிருந்து தொடருமா?
3. டிரை ரன், ஓவர்லோடு பூட்டு ரீசெட் ஆனாலும் காப்பாற்றப்படுமா?
4. குறைந்த வோல்டேஜில் ரீசெட் ஆகும் வசதியும், வாட்ச்டாக்கும் இருக்கிறதா?
5. உள்ளே இருக்கும் பேட்டரி தனியாகக் கிடைக்குமா, வெளியில் இருந்தே அணைக்க முடியுமா?

முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் ‘தெரியாது’ என்று பதில் வந்தால், தெரிந்த கடைக்குப் போவது நல்லது.

அடுத்த இதழில், சொட்டுநீர்ப் பாசன டைமர், வால்வு பற்றிய கேள்விகள் இடம்பெறும். கேள்வியோடு மோட்டாரின் எச்.பி, போர்வெல் ஆழம், ஸ்டார்ட்டர் வகை ஆகியவற்றையும் குறிப்பிட்டு அனுப்பினால் விளக்கம் தர வசதியாக இருக்கும்.